மணலைக் கொடுத்து விளக்கை வாங்கினோம்

ஸ்ரீவராகம் குளத்தங்கரையில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுப் பரணில் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு கிடக்கிறது. கண்ணாடி உடைந்துவிட்டது. பம்ப் துருப்பிடித்துவிட்டது. என் சின்ன வயதில் வராகமூர்த்தி கோயில் உற்சவத்துக்கு அதை ஏற்றுவது மாமாவின் பொறுப்பு. வெள்ளைத் துணிப்பை போன்ற மேண்டிலைக் கட்டி, ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றி, பம்ப் அடிப்பார். 'புஸ்' என்ற இரைச்சலோடு தெரு பகலாகிவிடும். "தொடாதேடா, உதிர்ந்துடும்" என்று எங்களை விரட்டுவார். உண்மைதான். ஒருமுறை எரிந்த மேண்டில் வெறும் சாம்பல் கூடு. அந்தச் சாம்பலின் பூர்வீகம் நம் கடற்கரை என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

1884 நவம்பரில் ஐரோப்பிய நாடுகள் பெர்லினில் கூடி, ஆப்பிரிக்காவைப் பங்கு போடுவதற்கான விதிகளை வகுத்தன. மாநாடு முடிந்தது 1885 பிப்ரவரியில். அதே 1885ல்தான் ஆஸ்திரிய ரசாயன நிபுணர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் தன் மேண்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். 1891ல் அதைச் செம்மைப்படுத்தினார். 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகள் பிரகாசித்தன. விளக்கு வந்துவிட்டது, தோரியத்துக்கு எங்கே போவது? மோனசைட் என்ற கனிமம் பிரேசில் மணலில் கிடைத்தது. அந்த வியாபாரத்தில் ஜெர்மானியர்களின் கை ஓங்கியிருந்தது.

1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். மணல் போன இடம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை. பிரேசில் மணலைவிட இதில் தோரியம் அதிகம். சீக்கிரமே அங்கே அவருடைய ஆலை எழுந்தது. 1914ல் உலகப் போர் வந்தது. ஜெர்மானியர் எதிரியானார், கைது செய்யப்பட்டார். மணல் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கைக்கு மாறியது. எஜமானர்கள் மாறினார்களே தவிர, கப்பல் போகும் திசை மாறவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. திருவிதாங்கூரை வெள்ளைக்காரன் படையெடுத்துப் பிடித்து ஆண்டதாகச் சொல்ல முடியாது. ராஜா இருந்தார், திவான் இருந்தார், சொந்த நாணயம்கூட இருந்தது. ஆனால் 1805 உடன்படிக்கைப்படி கம்பெனிக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம். எதிர்த்து 1809ல் குண்டறை விளம்பரம் வெளியிட்ட வேலுத்தம்பி தளவாய்க்குக் கிடைத்தது மரணம். அவர் உடலை இதே நகரத்தில் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். அதன் பிறகு பீரங்கிக்கு அவசியமே இருக்கவில்லை. ரெசிடெண்டின் ஆலோசனை போதும், ஒரு குத்தகைப் பத்திரம் போதும். காங்கோவில் ரப்பருக்காக லியோபோல்ட் மன்னரின் ஆட்கள் சாட்டையும் துப்பாக்கியும் ஏந்தினார்கள். இங்கே மையும் பேனாவும் அந்த வேலையைச் செய்தன. கொடுமையில் இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். கணக்கு மட்டும் ஒன்றுதான்: கச்சாப் பொருள் மலிவாகப் போகும், சரக்கு விலையேறித் திரும்பி வரும். பெட்ரோமாக்ஸும் பெர்லின் கம்பெனி ஒன்றின் தயாரிப்புதான்.

மின்விளக்கு வந்ததும் மேண்டிலின் மவுசு குறைந்தது. அதற்குள் அதே மணலிலிருந்த இல்மனைட்டுக்குக் கிராக்கி வந்தது, வெள்ளைப் பெயிண்ட் செய்ய. பிறகு அணுகுண்டு யுகம். தோரியம் திடீரென்று ராஜதந்திரப் பொருளாயிற்று. 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தபோது, அவர் கையிலிருந்த துருப்புச் சீட்டுகளில் இந்த மணலும் ஒன்று. ஜூலை 25ந் தேதி இந்த ஊரிலேயே ஓர் இசை நிகழ்ச்சியில் அவர் வெட்டுப்பட்டார். அந்த மாத முடிவுக்குள் மகாராஜா இந்தியாவுடன் இணையச் சம்மதித்தார். 1950ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் உருவாயிற்று. 1956ல் மணவாளக்குறிச்சி தமிழகத்தோடு சேர்ந்தது.

ஆக, மணல் இப்போது நம்முடையது. கதை சுபமாக முடிந்ததா?

கொல்லத்துக்கு அருகே ஆலப்பாட்டு மக்கள் 2018-19ல் தங்கள் ஊரைக் கடல் தின்கிறது என்று போராடினார்கள். 2024ல் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது மீனவ கிராமங்கள் எதிர்த்து எழுந்தன. நாட்டுக்கு அணுசக்தி வேண்டும், அபூர்வ மண் வகைகள் வேண்டும் என்கிறது அரசு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மணலை அள்ளினால் கதிரியக்கம் குறையும் என்ற வாதமும் உண்டு. ஆனால் கரையில் குடியிருப்பவர் கேட்பது வேறு: "பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் எங்களைக் கேட்டீர்களா?"

1909ல் யாரும் கேட்கவில்லை. அன்று கேட்காதவர்கள் அந்நியர்கள் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இன்று அந்தச் சலுகை நமக்கு இல்லை.

பரணைச் சுத்தம் செய்ய வந்தவர் விளக்கைப் பழைய இரும்புக்குப் போடலாமா என்றார். வேண்டாம் என்று திரும்ப வைக்கச் சொன்னேன்.