வாசிகசாலை வாங்கிலே

மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு பிற்பகலில் எமது ஊர்ச் சனசமூக நிலைய நூலகத்திலே எழுதுவோர் கூடுவது வழக்கம். பத்திரிகை மேசையைச் சுற்றி வாங்குகள் இழுக்கப்படும். எட்டுப் பேரோ பத்துப் பேரோ வருவர். தபாற் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வெண்பாவோடு வருவார். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி புதுக்கவிதையோடு வருவாள். ஒருவர் வாசிக்க ஏனையோர் கேட்பர். பின்னர் வெறுந்தேநீரும் பனங்கட்டியும். தமிழாசிரியர் என்ற காரணத்தினால் திருத்தம் சொல்லும் பொறுப்பு எம்மை வந்தடைந்தது. அதனை நாம் மிக்க விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டோம் என்பதையும் மறையாது சொல்லிவிட வேண்டும்.

இவ்வாறு கூடி எழுதுதல் இம்மண்ணுக்குப் புதியதன்று. 1943ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் வரதர், அ. செ. முருகானந்தன் முதலிய இளைஞர்கள் மறுமலர்ச்சிச் சங்கமாகக் கூடினர். 'மறுமலர்ச்சி' சஞ்சிகை 1946 முதல் 1948 வரை வெளிவந்தது. ஊர் வாசிகசாலைகள் தத்தமக்கெனக் கையெழுத்துச் சஞ்சிகைகளை நடத்தியதும் உண்டு. எமது நிலையத்திலும் ஒன்று இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அலுமாரியைப் பூட்டித் திறப்பை எடுத்துச் சென்றோம். மீண்டு வந்தபோது திறப்பு மாத்திரமே எஞ்சியிருந்தது. மாணவப் பருவத்தில் நாம் எழுதிய முதற் கவிதையும் அதனோடு போயிற்று. அதைப் பேரிழப்பென்று கொள்ளுதற்கில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, எழுபதை அண்டிய அம்மையார் ஒருவர் கொப்பியொன்றுடன் வந்தமர்ந்தார். வெங்காயத் தோட்டம் செய்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தம் தந்தையார் துலா மிதித்த காலத்தைக் கதையாக எழுதியிருந்தார். நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுமுன் எமது தோட்டங்கள் துலாவினாலேயே உயிர்வாழ்ந்தன. துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றடியில் நிற்பவர் பட்டையைச் சரித்து நீரை வாய்க்காலிலே விடுவார். மேலே நடப்பவரின் கால் வழுவினால் அவர் கதி என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அம்மையாரின் கதையில் அந்தக் கால் வழுவுகின்றது.

கொப்பியை வீட்டுக்குக் கொண்டு சென்று, சிவப்பு மையினாலே ஒவ்வொரு வரியையும் செப்பனிட்டோம். 'மிதிச்ச' என்றிருந்ததை 'மிதித்த' என்றாக்கினோம். 'அப்பு' என்று வந்த இடமெல்லாம் 'தந்தையார்' ஆயிற்று. அடுத்த மாதம் அதனைச் சபையிலே நாமே வாசித்தும் காட்டினோம். அம்மையார் பொறுமையாகக் கேட்டார். பின்னர் சொன்னார்:

"தம்பி, நீங்கள் திருத்தினது வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் அதுக்குள்ளை எங்கடை அப்புவைக் காணேல்லை."

அதன் பின் இரு மாதம் அவர் வரவில்லை.

இதிலே எமக்கு வெட்கந் தந்தது யாதெனில், இவ்வழக்கு முன்னரே ஆடித் தீர்ந்த வழக்கு என்பதே. 1960களின் தொடக்கத்தில் பண்டிதர் சிலர் கதைகளில் வந்த பேச்சு மொழியை 'இழிசனர் வழக்கு' என்று இகழ்ந்ததும், முற்போக்கு எழுத்தாளர் அதனை எதிர்த்து நின்றதும் நாம் வகுப்பிலே கற்பிக்கும் பாடம். சிகை அலங்கரிப்பு நிலையத்திலே தொழில் செய்த டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கியதையும் பெருமையோடு எடுத்துரைப்போம். கற்பிக்கும்போது நாம் எப்போதும் ஜீவாவின் பக்கம். கையிலே சிவப்புப் பேனா ஏறியதும் பண்டிதர் பக்கம்!

ஒருநாள் மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குச் சென்றோம். மன்னிப்பென்று சொல்லி வார்த்தையை முடிக்குமுன், "தேத்தண்ணி குடியுங்கோ தம்பி" என்று அவர் உள்ளே எழுந்து போய்விட்டார். திண்ணையிலே வேறொரு புதிய கொப்பி கிடந்தது. அதே கதை, தம்முடைய சொல்லிலேயே மறுபடி எழுதப்பட்டிருந்தது.

சென்ற கூட்டத்தில் அதனை அவரே வாசித்தார். எழுத்துப் பிழைகள் இருந்திருக்கும். காதுக்கு அவை தெரியுமா? தந்தையார் விழும் இடம் வந்தபோது வாசிப்புச் சற்றே நின்று பின் தொடர்ந்தது. முடிந்ததும் எவரும் பேசவில்லை. எம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். நாம் தலையை அசைத்து, சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று காட்டினோம்.

அப்பொழுது மூலையிலிருந்த முதியவர் ஒருவர், இளமையிலே துலா மிதித்தவர், தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, கதை நல்லது. ஆனால் ஒரு பிழை இருக்கு. நீ வெய்யில் ஏறினாப்போலை இறைப்பைத் தொடக்கிறாய். நாங்கள் விடியமுன்னம் இருட்டோடையல்லோ துலாவிலை ஏறுறனாங்கள். அதாலைதான் கால் வழுக்கிறது."

அம்மையார் சிறிது நேரம் யோசித்தார். "ஓம் அண்ணை, அப்பு போகேக்கை விளக்குக் கொண்டுதான் போறவர்" என்றார். பின்னர் பக்கத்திலிருந்த மாணவியிடம் பென்சிலை வாங்கிக் கொப்பியின் முதற் பக்கத்தைத் திறந்தார்.