ஆரியசாலையில் அபாயச் சங்கு ஊதினால் எங்கே போவது?

2025 மே 7-ந் தேதி மாலை 4 மணியளவில் கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் யுத்தகாலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. பகல்காமில் ஏப்ரல் 22-ந் தேதி 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பதிலடியாக, அன்று அதிகாலையில்தான் இந்தியப் படைகள் பாகிஸ்தான் பகுதிகளில் தாக்குதல் நடத்தியிருந்தன. மே 10-ந் தேதி சண்டை நின்றது. ஒத்திகையும் ஜனங்களுக்கு மறந்துபோயிற்று.

ஆனால் அன்று எழுந்த கேள்வி ஒன்று திருவனந்தபுரம் ஆரியசாலையில் இன்னும் பதில் இல்லாமல் நிற்கிறது. சங்கு ஊதினால் பாதுகாப்பான கட்டிடத்துக்குள் ஒதுங்க வேண்டும் என்றார்கள். சரி. ஆரியசாலையில் பாதுகாப்பான கட்டிடம் எது? அதைத் தீர்மானிக்க வேண்டியது யார்?

சாலைக் கடைத்தெரு 18-ம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கியது. பல தலைமுறைகளாகத் தமிழர்கள் இங்கே வியாபாரம் செய்கிறார்கள், மூட்டை சுமக்கிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள். கீழே கடை, பின்னால் கிட்டங்கி, மேலே ஏழெட்டுப் பேர் பாய் விரித்துப் படுக்கும் அறை என்பது பல சந்துகளில் காணும் அமைப்பு. படிக்கட்டில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பித்தான் ஆக வேண்டும். ராத்திரி கீழே ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டா என்பதைக் கட்டிடத்துக்குக் கட்டிடம் பார்த்தால்தான் தெரியும். எந்தக் கிட்டங்கியில் எண்ணெய், எதில் பிளாஸ்டிக், எதில் காலிச் சாக்கு என்பது அங்கே மூட்டை இறக்குகிறவருக்குத் தெரியும். கார்ப்பரேஷன் வரைபடத்தில் அது இருக்காது.

பாதாள அறை கட்டலாமே என்று யாராவது யோசனை சொல்லலாம். தம்பானூரிலும் கிழக்கேகோட்டையிலும் மழைத் தண்ணீர் வடியாமல் போனதால்தான் 2015-ல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று ஒரு தனித் திட்டமே போட வேண்டி வந்தது. அந்த மண்ணில் பாதாள அறை என்றால் இடவப்பாதி மழையில் அது கிணறாகிவிடும். இதைச் சொல்ல என்ஜினீயர் வேண்டியதில்லை; சாலையில் இரண்டு மழைக்காலம் இருந்தவர் போதும்.

இது வெறும் ஊகமல்ல. எல்லையோரத்தில் நடந்ததையே பார்க்கலாம். ஜம்மு, சம்பா, கட்டுவா, பூஞ்ச், ரஜோரி ஆகிய 5 மாவட்டங்களுக்கு மத்திய சர்க்கார் 14,460 பதுங்கு அறைகளை அனுமதித்தது. அவற்றில் 1,431 ஊர்ப் பொதுவானவை. ஒவ்வொன்றிலும் 40 பேர் ஒதுங்கலாம். நல்ல திட்டம்தான். பல உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் சில கிராமங்களில் அவற்றில் தண்ணீர் தேங்கி நின்றது பற்றிப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்பச் செய்தி வந்தது. அதைவிடப் பெரிய குறை 2025 மே 7-ந் தேதி வெளிப்பட்டது. பதுங்கு அறைகள் எல்லைக் கோட்டை ஒட்டிய கிராமங்களுக்கு என்று கணக்கிடப்பட்டிருந்தன. குண்டுகளோ பூஞ்ச் நகரத்துக்குள்ளேயே விழுந்தன. அந்த மாவட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். எங்கள் ஊரில் ஒதுங்க ஓர் அறைகூட இல்லையே என்று நகரவாசிகள் குமுறினார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அல்லவா முதலில் அறை கேட்டிருப்பார்கள்?

ரயில் நிலையத்தை ஒட்டிப் பிழைக்கும் தம்பானூர், சாலை வாசிகளுக்கு லண்டன் கதை இன்னும் நன்றாகப் புரியும். 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தின் மீது குண்டு மழை பொழியத் தொடங்கின. பூமிக்கடியில் ஓடும் ரயிலின் நிலையங்களில் ஜனங்கள் ஒதுங்கக் கூடாது என்பது அப்போது சர்க்காரின் நிலை. ஜனங்கள் என்ன செய்தார்கள்? இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை வாங்கினார்கள். உள்ளே போனார்கள். ரயில் வந்தது; ஏறவில்லை. பிளாட்பாரத்திலேயே போர்வையை விரித்துவிட்டார்கள். சில வாரங்களில் சர்க்கார் இறங்கி வந்தது. கட்டில், கழிப்பிடம், தேநீர் எல்லாம் வந்தன. தின்பண்டம் ஏற்றிய ரயிலே ஓடிற்று. ஒதுங்கியவர்கள் தங்களுக்குள் கமிட்டி அமைத்து, யாருக்கு எந்த இடம், எத்தனை மணிக்கு விளக்கணைப்பது என்பதையெல்லாம் தாங்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

அதே லண்டனில் இதற்கு நேர் எதிரான சம்பவமும் உண்டு. பெத்னல் கிரீன் என்ற ஏழை மக்கள் பேட்டையில், ரயில் ஓடத் தொடங்காத ஒரு நிலையம் புகலிடமாக இருந்தது. அதன் வாசல் பலவீனமாக இருக்கிறது, பலப்படுத்தப் பணம் கொடுங்கள் என்று உள்ளூர் கவுன்சில் 1941-லேயே மேலிடத்துக்கு எழுதியது. மேலிடம் மறுத்துவிட்டது. 1943 மார்ச் 3-ந் தேதி இரவு சங்கு ஊதியதும் கூட்டம் படியிறங்கியது. மங்கலான ஒரே விளக்கு. படியின் நடுவில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. ஒருவர் இடற, அவர் மேல் அடுத்தவர் விழ, 173 பேர் மூச்சுத் திணறி மடிந்தார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அந்த இடத்தில் ஒரு குண்டுகூட விழவில்லை! கைப்பிடி அதற்குப் பிறகு வந்தது.

யாழ்ப்பாணத்தில் நடந்ததைத் தமிழர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஜனங்கள் பனங்குற்றியும் மண் மூட்டையும் கொண்டு வீட்டு வளவிலும் பள்ளி வளவிலும் தாங்களே பதுங்கு குழி வெட்டிக்கொண்டார்கள். பொதுக் கூரை என்பதாலேயே ஓர் இடம் பத்திரமாகிவிடாது என்பதும் அங்கே தெரிந்தது. 1995 ஜூலை 9-ந் தேதி நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உக்ரைனின் கார்கிவ் நகரில் 2023 முதல் பாதாள ரயில் நிலையங்களுக்குள்ளேயே பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்க வேண்டியதாயிற்று.

கேரளத்தில் ஜனங்களைக் கேட்டுத் திட்டம் போடும் வழக்கம் புதிதல்ல. 1996 ஆகஸ்டில் ஜனகீய ஆசூத்ரணம் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குத் தரப்பட்டது. வார்டு தோறும் கூடிப் பேசும் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு தீயணைப்புத் துறையின் கீழ் சிவில் டிபன்ஸ் தொண்டர் படையும் அமைந்தது. நிலையத்துக்கு 50 பேர் என்பது கணக்கு. இந்த விஷயத்தில் வேறு பல மாநிலங்கள் கேரளத்துக்குப் பின்னால்தான் நிற்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் வார்டுக் கூட்டத்துக்கு அழைக்கப்படுவது யார்? வாக்காளர் பட்டியலில் இருப்பவர், குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்தவர், குடும்பஸ்ரீ அயற்கூட்டத்துப் பெண்கள். சாலைக் கிட்டங்கியின் மேல்மாடியில் படுக்கும் தொழிலாளிக்கு ஓட்டு திருநெல்வேலியிலோ தேனியிலோ இருக்கிறது. ரேஷன் கார்டும் அங்கேதான். அவர் எந்தக் குடியிருப்போர் சங்கத்திலும் இல்லை. கடை முதலாளி வேறு வார்டில் வீடு கட்டிப் போயிருக்கலாம். இரவு 9 மணிக்கு மேல் ஆரியசாலையில் உண்மையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் எந்தப் பதிவேட்டிலும் சரியான விடை கிடைக்காது. கணக்கில் இல்லாதவனுக்கு எப்படி இடம் ஒதுக்குவது?

தமிழர் பக்கத்திலும் குறை இருக்கிறது. நமக்கேன் இந்த ஊர் விவகாரம் என்று ஒதுங்கிப் பழகிவிட்டார்கள். வார்டுக் கூட்ட அறிவிப்பு மலையாளத்தில் ஒட்டப்பட்டால் படிக்காமலே கடந்து போகிறார்கள். கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து பேச ஓட்டு இருக்க வேண்டும் என்று எந்தக் கவுன்சிலரும் சொல்லப் போவதில்லை. வியாபாரிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மனசு வைத்தால் கட்டிடத்துக்கு ஒருவர் என்று பெயர் எழுதிக் கொடுப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

பேச வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். எந்தச் சந்தில் லாரி நிறுத்தினால் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது? எந்தக் கான்கிரீட் கட்டிடத்தின் தரைத்தளத்தை அவசரத்துக்குத் திறந்துவிட உரிமையாளர் சம்மதிப்பார்? அறிவிப்பைத் தமிழிலும், இப்போது ஏராளமாக வந்திருக்கும் வங்காளி, ஒடியாத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் ஒலிபரப்ப முடியுமா? குண்டு விழும் நேரத்தில் திறந்த மைதானம் ஆபத்து. தீப்பிடித்தால் அதே மைதானம்தான் கதி. இரண்டுக்கும் வெவ்வேறு இடம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஆரியசாலைக்குப் பக்கத்தில் விஸ்தாரமான இடம் என்றால் புத்தரிக்கண்டம் மைதானமும் அட்டக்குளங்கரைப் பள்ளி வளாகமும்தான். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளி நிலத்தில் வணிக வளாகம் கட்டும் யோசனை வந்தபோது, மறைந்த கவிஞர் சுகதகுமாரி உள்ளிட்ட பலர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். மரமும் நிழலும் போகிறதே என்று அவர்கள் வாதாடினார்கள். சாலைத் தெருவில் படுத்துறங்குகிறவர்களுக்கு அது ஒதுங்குமிடமும்கூட என்று அன்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அடுத்த வார்டுக் கூட்டத்தில் அதைச் சொல்லலாம். ராத்திரி அந்தப் பள்ளியின் கேட் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் அப்படியே கேட்டுவைக்கலாம்.