ஏபியில் 5 வாங்கினால் தாண்டிவிடலாமா?



சனிக்கிழமை நம்ம தமிழ்ப் பள்ளி விட்டதும் கார் நிறுத்துமிடத்தில் அப்பா அம்மாக்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். "உங்க பொண்ணு எத்தனை ஏபி?" என்னமோ இட்லி கணக்கு மாதிரி! நான் இந்த வருடம் பன்னிரண்டாவது. கலிஃபோர்னியாவில் பொருளாதாரம் ஒரு செமஸ்டர் எல்லோரும் படித்தே ஆக வேண்டும். நான் அதை ஏபி மைக்ரோ, ஏபி மேக்ரோ என்று இரண்டாகப் படிக்கிறேன். கல்லூரியிலும் பொருளாதாரம்தான் எடுக்க ஆசை.

எங்க அப்பாவின் கணக்கு எளிது. 2025-இல் ஒரு ஏபி தேர்வுக்குக் கட்டணம் 99 டாலர். கல்லூரியில் அதே பாடத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். "எழுதிட்டு அந்தக் கிளாஸைத் தாண்டிடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இருக்கிறது என்பதுதான் என் கருத்து.

கிரெடிட் என்றால் ஒன்றல்ல, இரண்டு. யூசி வளாகங்களில் 3 வாங்கினாலே ஒரு தேர்வுக்கு 4 குவார்ட்டர் யூனிட், அதாவது செமஸ்டர் கணக்கில் 2.7, கிடைக்கும். பட்டத்துக்கான மொத்த யூனிட்டில் அது சேரும். ஆனால் பொருளாதாரத் துறையின் முதல் பாடத்தைத் தாண்டுவது வேறு விஷயம். பெர்க்கிலியில் அதற்கு இரண்டு தேர்விலும் 5 வேண்டும். டார்ட்மத் கல்லூரியோ, 2014-இல் சேர்ந்தவர்களிலிருந்து பட்டத்துக்கு ஏபி கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது.

சரி, 5 வாங்கியாச்சு, தாண்டியாச்சு. அப்புறம்? எங்க அக்கா கதையைக் கேளுங்கள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்!) இரண்டிலும் 5 வாங்கினாள். வீட்டில் கேசரி கிண்டினோம். கல்லூரியில் முதல் பாடத்தைத் தாண்டி நேரே இடைநிலை மைக்ரோவில் போய் உட்கார்ந்தாள். ஏபி தேர்வில் 70 நிமிடத்தில் 60 கொள்குறி வினா, பிறகு 60 நிமிடத்தில் 3 பெரிய வினா. தேவைக்கோடு வலப்பக்கம் நகர்ந்தால் விலை என்ன ஆகும் என்று படம் போட்டுச் சொன்னால் போதும். கால்குலஸ் ஒரு சொட்டுகூடக் கிடையாது. அங்கேயோ முதல் வாரமே பகுதி வகையீடு, அடுத்து லக்ராஞ்சி பெருக்கி. பதினொன்றாவதில் படித்த கால்குலஸை அக்கா பாதி மறந்திருந்தாள். கிடைத்தது 'சி'. "படம் போடத் தெரிஞ்சா பொருளாதாரம் தெரியும்னு நெனச்சேன்டி" என்றாள்.

இதில் யாரும் சொல்லாத இன்னொன்று உண்டு. ஏபியில் யூனிட் வரும், கிரேடு வராது. ஜிபிஏவில் அந்த 5 ஒட்டவே ஒட்டாது. முதல் பாடத்தில் உட்கார்ந்திருந்தால் அக்காவுக்கு ஒரு 'ஏ' சுலபமாக வந்திருக்கும். துறையில் சேர ஜிபிஏ கேட்கிற இடங்களில் அது பெரிய இழப்பு. வாய்ப்புச் செலவு என்று பாடத்தில் படிக்கிறோமே, அது இதுதான்!

உயிரியலோ கணினியோ எடுக்கப் போறவங்க தாராளமா தாண்டுங்க, பணமும் நேரமும் மிச்சம். பொருளாதாரமே எடுக்கப் போறவங்க, கால்குலஸ் கையில் இருந்தால் மட்டும் தாண்டுங்க. தாண்டாமல் அதே பாடத்தை மறுபடி எடுத்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்த்து யூனிட் தரமாட்டார்கள். அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

பதிவு செய்ய நவம்பர் நடுப்பகுதி வரைதான் நேரம். நான் இரண்டுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். "தாண்ட மாட்டேன்னா 198 டாலர் எதுக்கு?" என்று அப்பா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஜூலையில் மதிப்பெண் வரட்டும்பா, அதுவரை அக்காவோட கால்குலஸ் நோட்டைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.