விதைகளை மட்டும் எண்ணினால் போதுமா?

மாணவர்களே, அறிவியல் விழா நெருங்கினால் பள்ளிகளில் பச்சைப் பயறு முளைக்கத் தொடங்கிவிடும். ஒரு தட்டில் உரக் கரைசலுடன் 50 விதைகள், மற்றொன்றில் வெறும் நீருடன் 50 விதைகள். முதலாவதில் 40, இரண்டாவதில் 30 முளைத்தால், "100 விதைகளில் சோதித்தோம், உரம் பயன் தருகிறது" என்று எழுதிவிடுகிறீர்கள். இந்த முடிவை ஏற்கக் கூடாது என்பதே என் கருத்து.

ஒரே தட்டில் உள்ள விதைகள் ஒரே ஈரத்தையும் ஒரே வெப்பத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு தட்டில் பூஞ்சணம் பிடித்தால் அதிலுள்ள எல்லா விதைகளும் பாதிக்கப்படலாம். அப்படியானால், வேறுபாடு உரத்தால் வந்ததா, தட்டால் வந்ததா? இரண்டே தட்டுகளை வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது.

ஓர் உண்மையான சோதனையைப் பாருங்கள். ஒரோபாங்கி என்பது பிற செடிகளின் வேரில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணிச் செடி. அதன் இரு வகை விதைகளைப் பீன்ஸ் வேர்ச்சாற்றிலும் வெள்ளரி வேர்ச்சாற்றிலும் முளைக்க வைத்த சோதனையின் எண்களை மார்ட்டின் குரோடர் 1978இல் ஆராய்ந்தார். மொத்தம் 21 தட்டுகள், 831 விதைகள். ஒரே வகை விதை, ஒரே பீன்ஸ் சாறு. ஆனாலும் ஒரு தட்டில் 39க்கு 10 முளைத்தன, இன்னொன்றில் 51க்கு 26.

முளைத்ததா, இல்லையா என்ற இரண்டே விடைகள் உள்ள கேள்விக்கு உதவும் கணக்கு முறை லாஜிஸ்டிக் ரெக்ரஷன். அதில் விதை வகையும் சாறும் நாமே தேர்ந்தெடுத்து ஒப்பிடுபவை. எனவே அவை நிலையான விளைவுகள். தட்டுகள் அப்படியல்ல. ஏழாம் தட்டு எப்படிப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. தட்டுக்குத் தட்டு எவ்வளவு மாறுகிறது என்பதே தேவை. எனவே தட்டு, சமவாய்ப்பு விளைவு. பிரெஸ்லோவும் கிளேட்டனும் 1993இல் இதே எண்களை இம்முறையில் ஆராய்ந்து காட்டினர்.

கணக்கைக் கணினி செய்துவிடும். ஆனால், உரத்துக்கு ஒரு தட்டு, நீருக்கு ஒரு தட்டு என்று வைத்தால் எந்தக் கணினியாலும் காப்பாற்ற முடியாது. அதே 100 விதைகளைத் தட்டுக்குப் பத்தாகப் பத்துத் தட்டுகளில் பிரியுங்கள். எந்த ஐந்துக்கு உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு தட்டின் விழுக்காட்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

கூடுதல் செலவு சில தட்டுகள்தான். "உரம் பயன் தரும்" என்ற உங்கள் சொல்லை நம்பி ஒருவர் காசு கொடுத்து வாங்கலாம். அதற்கு முன் அந்தச் சொல் சோதனையில் தாக்குப்பிடிக்க வேண்டும்.