முடியை விடுங்கள், கயிற்றைப் பாருங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் பாடப்புத்தகம் வந்து சேர்கிறதோ இல்லையோ, தலைமுடி பற்றிய அறிவிப்பு வந்துவிடுகிறது. பாக்ஸ் கட்டிங் கூடாது, ஒன் சைடு கூடாது, ஸ்பைக் கூடாது, ‘புள்ளிங்கோ’ ஸ்டைல் அறவே கூடாது. காலை இறைவணக்கக் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் பையன்களின் பிடரியை ஆசிரியர் ஒருவர் சோதித்துக்கொண்டே போகிறார். பிடிபட்டவர்கள் வகுப்புக்கு வெளியே நிற்கிறார்கள். கல்லூரிக்குப் போனால் அங்கே ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் லெகின்ஸும் விசாரணைக்கு வருகின்றன. இளைஞர்களின் உடையும் முடியும் அவர்களைப் பற்றி ஏதோ சொல்கின்றன என்ற நம்பிக்கையில்தான் இத்தனையும் நடக்கிறது. அந்த நம்பிக்கை சரியானதே. ஆனால் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று அதற்கு நாம் எழுதிக்கொண்ட பொழிப்புரை தவறு. தமிழ்நாட்டு மாணவர்களிடையே உண்மையிலேயே அச்சப்பட வேண்டிய ஒரு ‘ஃபேஷன்’ இருக்கிறது. பிடரியைச் சோதிக்கும் கண்கள் சற்றுக் கீழே இறங்கி மணிக்கட்டைப் பார்த்தால் அது தெரியும்.

யார் எதை உடுத்தலாம் என்பதைப் பிறப்பே தீர்மானித்த மண் இது. இன்றைய குமரி மாவட்டத்தை உள்ளடக்கிய தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணிவதற்குப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல் மன்னரின் பிரகடனம் அந்த உரிமையை வழங்கியபோதும், மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் அணியக் கூடாது என்ற நிபந்தனையை விடவில்லை. உடம்பை மூடலாம், ஆனால் எங்களைப்போல் தெரியக் கூடாது என்பதே அதன் பொருள். 1930இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். மானுடவியலாளர் ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கட்டக் கூடாது. சட்டையோ பனியனோ போடக் கூடாது. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: ஆதிதிராவிடர் எவரும் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் தீக்கிரையாயின. இன்று எந்தப் பள்ளியிலும் ஒழுங்கான முடிவெட்டாகக் கருதப்படும் கிராப்பு, தொண்ணூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்பு வரை இந்த மாநிலத்தின் ஒரு பகுதியில் தண்டனைக்குரிய ‘ஸ்டைல்’.

இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய பேருந்து நிலையத்தைப் பார்க்க வேண்டும். கல்லூரிப் பேருந்துக்காக நிற்கும் பத்து இளைஞர்களில் யார் நிலவுடைமைக் குடும்பம், யார் கூலித் தொழிலாளி வீடு என்று உடையை வைத்துச் சொல்வது எளிதல்ல. எல்லோரும் ஒரே மாதிரி ரவுண்ட் நெக் டி-ஷர்ட், ஒரே மாதிரி ஜீன்ஸ். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் இதைச் சாதித்ததில் பெரும்பங்கு வகித்தது. வெளிநாட்டுக்காகத் தைத்து, சிறு குறையால் தேறாமல் போன துணி காதர்பேட்டைச் சந்தைக்கு வந்தது. அங்கிருந்து ஊர் ஊராகத் திருவிழாக் கடைகளுக்கும் நடைபாதைக் கடைகளுக்கும் போனது. தோளில் துண்டு போட்டால் திமிர் என்றும், பெரியவர்கள் எதிரில் அதை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லப்பட்ட காலத்தில் வாழ்ந்த தாத்தாவின் பேரன், யாரையும் கேட்காமல் கடைக்குப் போய்ப் பிடித்த சட்டையை எடுத்துக்கொள்கிறான். தன்னைப் பார்த்தவுடன் தன் பிறப்பை யாரும் கணக்கிட்டுவிடக் கூடாது என்ற விருப்பம் அந்தச் சட்டைக்குள் இருக்கிறது. அவன் அதை இப்படிச் சொல்லமாட்டான்; அழகாக இருக்கிறது என்றுதான் சொல்வான். ஆனாலும் மற்றவர்களைப்போல் தெரிய வேண்டும் என்ற ஆசை, அப்படித் தெரியவே கூடாதென்று தடுக்கப்பட்டவர்களின் சந்ததிக்கு அற்ப விஷயம் அல்ல.

இதெல்லாம் சினிமாவைப் பார்த்து வந்த மோகம்தானே என்று கேட்பார்கள். ஆம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அந்த மோகம் இந்தத் தலைமுறையோடு தொடங்கவில்லை. 1970களில் பெல்பாட்டமும் நீண்ட கிருதாவும் ஸ்டெப் கட்டிங்குமாகத் திரிந்தவர்கள் இன்று ஓய்வூதியம் வாங்குகிறார்கள். 1980களில் நடிகை நதியாவின் பெயரில் வந்த கம்மலும் வளையலும் தேடி வாங்கிய பெண்கள் இன்று பேத்திகளின் உடையைக் குறை சொல்கிறார்கள். பெல்பாட்டத்தால் ஒரு தலைமுறை நாசமானதாக யாரும் நிறுவவில்லை. ஒரு காலத்தில் கல்லூரி வாசலில் முகம் சுளிக்க வைத்த சுடிதார், 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கான அரசாணையில் துப்பட்டாவோடு கண்ணியமான உடையாக ஏறிவிட்டது. 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ், டி-ஷர்ட், கையில்லாத மேலாடை ஆகியவற்றுக்குத் தடை போட்டபோது கல்விச் சூழலே சீரழிவதாகப் பேசப்பட்டது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்ட இளைஞர்களில் அதே ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் அணிந்தவர்கள்தான் அதிகம். இரவு பகலாகக் கடற்கரையில் அமர்ந்து, குப்பையைத் தாங்களே பொறுக்கி, போக்குவரத்தைத் தாங்களே சீர்செய்தவர்கள் அவர்கள். உடையை வைத்து ஒழுக்கத்தை அளந்தவர்களின் கணக்கு ஒவ்வொரு முறையும் பொய்த்திருக்கிறது.

பெரியவர்களின் உடைக்கு இழுக்கு நேர்ந்தபோது நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்ததற்காக உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமனுக்குச் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. உடைக் கட்டுப்பாடு எங்கள் விதி என்றது மன்றம். மாநிலமே கொதித்தது, அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. வேட்டி அணிந்தவரைப் பொது இடத்துக்குள் விட மறுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். மிகச் சரியான சட்டம். தனக்குரியதென்று ஒருவர் கருதும் உடைக்காக அவரை வாசலில் நிறுத்துவது அவமதிப்பு என்பதை அன்று எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொண்டன. பதினைந்து வயதுப் பையனை முடிக்காக வகுப்பு வாசலில் நிறுத்தும்போது மட்டும் அது ஒழுங்கு நடவடிக்கை ஆகிவிடுகிறது.

பள்ளி என்பது பொழுதுபோக்கு மன்றம் இல்லை, அங்கே சீர்மை வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. சீருடை வேண்டும் என்பதில் இங்கு மாற்றுக் கருத்து இல்லை. சத்துணவு உண்ணும் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடையை அரசு விலையில்லாமல் கொடுப்பதற்குக் காரணம், வகுப்பறையில் ஏழை பணக்காரர் வேறுபாடு துணியில் தெரியக் கூடாது என்பதுதான். சீருடை சமத்துவத்துக்காக வந்தது. முடியின் நீளத்துக்கும் சமத்துவத்துக்கும் என்ன தொடர்பு? முடி சுத்தமாக இருக்கிறதா, பேன் இல்லையா, கண்ணில் விழாமல் இருக்கிறதா என்று ஆசிரியர் பார்க்கட்டும். அதற்கு மேல் கத்தரிக்கோலை எடுத்து எல்லோர் முன்னிலையிலும் வெட்டுவது, பாதியில் விட்டு அசிங்கப்படுத்துவது போன்றவை தண்டனைகள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு குழந்தைகளை உடலளவில் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆசிரியரிடம் பாடத்தில் சந்தேகம் கேட்கத் தயங்கும் பையன், முடிக்காக அவமானப்பட்ட பிறகு பள்ளிக்கு வருவதற்கே தயங்குவான். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் நிறைந்த அரசுப் பள்ளிகளில் இந்த இழப்பைத் தாங்க முடியாது.

ஃபேஷனைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவும் முடியாது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும் வீட்டில் பிராண்டட் ஷூவுக்காக அடம்பிடிக்கும் பிள்ளையும் இருக்கிறான். ஒருமுறை ரீல்ஸில் போட்டுவிட்டு மறுமுறை உடுத்தாத துணி அலமாரியில் குவிகிறது. மலிவுத் துணியின் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதற்கு நொய்யல் ஆறே சாட்சி: சாயக்கழிவால் ஆறு செத்து, 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் நிலை வந்தது. இவற்றையெல்லாம் பிள்ளைகளிடம் பேசத்தான் வேண்டும். ஆனால் இந்தக் குறைகளை ஆராய்ந்தாலும் நாம் வந்து சேரும் உரைகல் ஒன்றுதான். டி-ஷர்ட் மனிதர்களைச் சமமாகக் காட்டும்வரை நல்லது. அதன் மேலிருக்கும் பிராண்ட் முத்திரை பணத்தை வைத்து மீண்டும் மேல் கீழ் பிரிக்கும்போது கெட்டது. ஏற்றத்தாழ்வை அழிக்கிறதா, அறிவிக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இந்த உரைகல்லில் உரசினால் முதலில் தோற்பது மணிக்கட்டுக் கயிறு. 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பயிற்சியில் இருந்த ஐஏஎஸ் அலுவலர்கள் சில பள்ளிகளில் நேரில் கண்டதை அது எடுத்துச் சொன்னது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறம் நிறமாகக் கயிறு. எந்த நிறம் எந்தச் சாதி என்பது மாணவர்களுக்குத் தெரியும். விளையாட்டுக்கு அணி பிரிப்பதும், மதிய உணவு இடைவேளையில் யாரோடு யார் சேர்வது என்பதும் அந்த நிறப்படிதான் நடந்தன. மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவையும் அதே வேலையைச் செய்தன. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் அருகே ஓர் அரசுப் பள்ளியில் கயிறு தொடர்பாக மூண்ட மோதலில் பிளஸ் 2 மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அந்த மாணவர்களின் முடி எப்படி வெட்டப்பட்டிருந்தது என்று எந்த விசாரணையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எதுவும் விளங்கியிருக்காது.

இரண்டும் அவரவர் விருப்பம்தானே, முடிக்குச் சுதந்திரம் கொடுத்துக் கயிற்றை மட்டும் தடுப்பது எப்படி நியாயம் என்று கேட்கலாம். பாக்ஸ் கட்டிங் எவரையும் தாழ்ந்தவர் என்று சொல்வதில்லை; யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம், அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். சாதிக் கயிற்றை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ள முடியாது. பக்கத்து பெஞ்சில் இருப்பவனை விலக்கி வைக்கவும் தேவைப்பட்டால் மிரட்டவும் கட்டப்படுவது அது. நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. நெற்றிக்குறி பற்றிய பகுதிக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. இறைநம்பிக்கையோடு இட்ட திருநீற்றையும் சாதிக்குறியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு; அரசு அதைப் பேசித் தெளிவுபடுத்தலாம். ஆனால் திருநீற்றின் பெயரைச் சொல்லிக் கயிற்றையும் காப்பாற்றுவது நேர்மை ஆகாது. கோயில் கயிறு வேறு, சாதிக் கயிறு வேறு என்பது அந்தந்த ஊர் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரியாத இரகசியம் அல்ல.

கயிற்றைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் இதில் வெட்கப்பட வேண்டிய பகுதி. சாதிச் சங்க மாநாட்டில், தலைவர்களின் குருபூஜை, பிறந்தநாள் விழாக்களில், ஊர் முகப்பிலுள்ள கொடிக்கம்பத்தில், இருசக்கர வாகனத்தின் நம்பர் பிளேட்டில் பெரியவர்கள் பறக்கவிட்ட நிறங்களே மாணவனின் மணிக்கட்டுக்கு இறங்கி வந்திருக்கின்றன. முடிவெட்டைச் சினிமாவிடம் கற்ற பிள்ளை, கயிற்றை வீட்டிலும் தெருவிலும் கற்றுக்கொண்டான். 2019 சுற்றறிக்கைக்கு நேர்ந்த கதி இதைத் தெளிவாக்குகிறது: எதிர்ப்பு கிளம்பிய சில நாள்களிலேயே பழைய நடைமுறை தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் அறிவித்துவிட்டார். முடி வெட்டச் சொன்னால் எந்த ஓட்டும் போகாது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் போகும். பள்ளிகள் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஆகவே அரசு செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. முடிக்காக எந்த மாணவரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது, பள்ளியில் கத்தரிக்கோல் எடுக்கக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். சந்துரு குழுவின் பரிந்துரைகளில் கயிறு பற்றியதை அடுத்த தேர்தல் கணக்குக்காகத் தள்ளிப்போடாமல் செயல்படுத்த வேண்டும். அதையும் மாணவனின் கையைப் பிடித்து அறுப்பதாகச் செய்யாமல், பெற்றோரையும் ஊர்ப் பெரியவர்களையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் பேசிச் செய்ய வேண்டும். எந்தக் கட்சித் தலைவரும் மாணவர்களிடம் சாதிக் கயிறு வேண்டாம் என்று சொல்லும் முன், தன் கட்சி மேடையில் சாதிப் பட்டத்தோடு அழைக்கப்படுவதை நிறுத்திக்கொள்ளட்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை அடுத்த முறை புது ஸ்டைலில் முடி வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் கோபத்தைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள், கையில் புதிதாக ஒரு கயிற்றோடு வந்தால், யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று அன்றைக்கே கேளுங்கள்.