கேமிங் பிசி: காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

முதல் சம்பளத்தைச் சேர்த்துவைத்து கேமிங் பிசி அசெம்பிள் செய்ய ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள், பட்ஜெட்டில் பெரும்பங்கை கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குவதில் தப்பே இல்லை. கேம் ஸ்மூத்தாக ஓடுவது அதை நம்பித்தான். ஆனால், கலர் லைட் கேபினட்டும் வாங்கிய பிறகு பட்ஜெட் கையைக் கடிக்கும். அப்போதுதான் 'கேபினட்டோட வர்ற எஸ்எம்பிஎஸ்ஸே போதும்' என்ற முடிவு வரும். சிக்கலே அங்கேதான்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை 12 வோல்ட் போன்ற டிசியாக மாற்றி, எல்லாப் பாகங்களுக்கும் தருவது எஸ்எம்பிஎஸ்தான். பாதுகாப்பு சர்க்யூட் சரியில்லாத மலிவு சரக்கு பழுதானால், தான் மட்டும் போகாது. மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் காலி செய்யலாம்.

அதற்காக 1,000 வாட் வேண்டுமா? வேண்டாம். ரைசன் 5 5600 பிராசஸரின் கணக்கு 65 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். தரமான 550 வாட் தாராளம். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் அதிகம் வீணாகாது என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கான சான்று அல்ல. ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா, வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கு. லைட் எரியாத ரேமும் அதே வேகத்தில்தான் ஓடும். சாதா கேபினட்டை அடுத்த போனஸில் மாத்திக்கலாம். கார்டு கருகிப்போனால்? மறுபடியும் முதலிலிருந்து சேமிக்க வேண்டியதுதான்.