யாரைக் கேட்டுக்கொண்டு?

கான்கார்டு விமானத்தைக் கோழைகள் சேர்ந்து கொன்றுவிட்டார்கள் என்று ஒரு புலம்பல் சில காலமாகக் காதில் விழுகிறது. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் போன மனிதன், 2003-ம் வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் ஏழு மணி, எட்டு மணி நேரம் ஆகாயத்தில் உட்கார்ந்திருக்கிறானாம். இது நாகரிகத்தின் பின்னடைவாம். புலம்பியவர்களுக்கு இப்போது உற்சாகம் பிறந்திருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு தனியார் கம்பெனியின் சோதனை விமானம் ஒலியை முந்திற்று. ஜூன் மாதம், பிரயாணி விமானங்கள் நிலத்தின்மேல் ஒலியை முந்தக்கூடாதென்று 1973-ல் போட்ட தடையை நீக்கும்படி அந்நாட்டு ஜனாதிபதி உத்தரவிட்டார். இனி நல்ல காலம் என்கிறார்கள். யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

கான்கார்டைச் செய்தவர்களைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. பேசினால் என் நாக்கு அழுகிப் போகும். வல்கன் என்ற பிரிட்டிஷ் குண்டு விமானத்தில் இருந்த ஒலிம்பஸ் என்ஜினைத் திருத்தி வளர்த்து, ஒன்றுக்கு நான்காகப் பூட்டினார்கள். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் எதிர்த்து வரும் காற்று அப்படியே உள்ளே புகுந்தால் என்ஜின் விக்கித் திணறிப்போகும். ஆகவே அதன் வாசலில் அசையும் பலகைகளை வைத்து, சில அடி தூரத்துக்குள் அந்தக் காற்றை ஒலியின் வேகத்தில் பாதியளவுக்கு அடக்கினார்கள். அப்படி அடக்கியதில் பிறந்த அழுத்தமே விமானத்தை முன்னே தள்ளும் விசையில் பாதிக்குமேல் கொடுத்தது. வாயிற்காப்போனே அரசனுக்காக யுத்தமும் செய்த கதை!

ஆனால் அந்தச் சாதனைக்குள்ளேயே வினையும் இருந்தது. அத்தனை வேகத்துக்கு ஏற்ற என்ஜின் ஒடிசலாக இருக்க வேண்டும். குறைந்த காற்றை மிகுந்த வேகத்தில் பின்னால் உமிழ வேண்டும். தரையை விட்டுக் கிளம்பும்போது காது கிழிய இரைவதும் அதே குணத்தால்தான். போதாக்குறைக்கு, கிளம்பும்போதும் ஒலியின் எல்லையைத் தாண்டும்போதும், வெளியேறும் சூட்டுப் புகையில் இன்னொரு தடவை எண்ணெயைப் பீய்ச்சிக் கொளுத்த வேண்டியிருந்தது. சுமார் 100 பேரைச் சமுத்திரம் கடத்த, 90 டன்னுக்கு மேல் கொள்ளும் எண்ணெய்த் தொட்டிகள்! கணக்குப் பார்த்த பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் 1973 ஜனவரியில் கழன்றுகொண்டன. கம்பெனிகளிடம் ஓடியவை 14 விமானங்களே. பிரிட்டிஷ், பிரெஞ்சு ஜனங்கள் வரி கட்டி வளர்த்த பிள்ளையை அந்த இரண்டு நாட்டு விமானக் கம்பெனிகளே ஏழேழாகப் பங்கிட்டுக்கொண்டன. 2000 ஜூலையில் பாரிஸுக்கருகே 113 பேரைப் பலிகொண்ட கோர விபத்து முடிவைத் துரிதப்படுத்திற்று. கணக்கு அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிட்டது. இதில் கோழைத்தனம் எங்கே வந்தது?

பணம் போகட்டும், அது அவர்கள் பணம். இடி?

ஒலியின் எல்லையைத் தாண்டும் கணத்தில் ஒரே தடவை 'டமார்' என்று கேட்கும், அவ்வளவுதானே என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அப்படியல்ல. ஒலியை முந்திப் போகும் வரையில் விமானம் அந்த இடியைத் தன் பின்னால் பாய் விரித்தாற்போல் இழுத்துக்கொண்டே போகிறது. 50,000 அடி உயரத்தில் பறந்தால் பாயின் அகலம் ஏறக்குறைய 50 மைல். வழியில் கிடக்கும் ஒவ்வோர் ஊரும் தன் முறை வரும்போது ஓர் இடி வாங்கும். விமானத்துக்குள் இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது.

1964 பிப்ரவரியில் அமெரிக்க அரசாங்கம் ஓக்லஹோமா நகரத்தின்மேல் இதைப் பரீட்சை பார்த்தது. தங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்களே என்று உள்ளூர் வர்த்தக சபை விருந்து வைத்துக் கொண்டாடிற்று. பிறகு ஆறு மாதம், காலை 7 மணி தொடங்கி நாளொன்றுக்கு எட்டு இடி; மொத்தம் 1,253. முதல் 14 வாரத்தில் நகரத்தின் இரண்டு உயர்ந்த கட்டடங்களில் மட்டும் 147 கண்ணாடிகள் உடைந்தன. விருந்து சாப்பிட்டவர்கள் சிலர், இடி எல்லோருக்கும். இத்துடன் வாழப் பழகிக்கொள்ள எங்களால் முடியாது என்று கால்வாசிப் பேருக்கு மேல் சொன்னார்கள். தூக்கம் கலைந்த குழந்தையையும், திடுக்கிட்டு எழுந்த கிழவரையும் கண்ணாடியோடு சேர்த்து எந்தக் கணக்கில் எழுதுவது? 1977 டிசம்பரில் பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்குக் கான்கார்டு விட்டபோது, மூன்று தடவை போய்வருவதற்குள் மலேசியா மறித்தது. இந்திய நிலத்தின்மேலும் ஒலியை முந்த வழி கிடைக்கவில்லை. அந்தப் பாதை 1980-ல் நின்றுபோயிற்று. இதையும் கோழைத்தனம் என்பார்களோ?

இப்போதைய விமானங்கள் அப்படியல்ல, நிலத்தின்மேல் ஒலியைவிடக் கொஞ்சமே வேகமாகப் பறந்தால் இடி தரைக்கு வராமல் மேலேயே வளைந்து போய்விடும் என்கிறார்கள். நாஸா நிலையத்தார் இடியை மெல்லிய தட்டலாக்க எக்ஸ்-59 என்றொரு விமானம் செய்திருக்கிறார்கள். அதை ஊர்களின்மேல் பறக்கவிட்டு ஜனங்களைக் கேட்கப் போகிறார்களாம். நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். ஓக்லஹோமாவில் முன்கூட்டிக் கேட்காததை இங்கேயாவது கேட்கட்டும்.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். தடையை நீக்கச் சொன்ன உத்தரவு 2025 ஜூனில் வந்துவிட்டது. ஜனங்களைக் கேட்பதற்கென்று கட்டிய அந்த விமானம் முதன்முதலாகத் தரையை விட்டுக் கிளம்பியதே அக்டோபர் 28-ந் தேதிதான்.